பாறையின் முகம் எந்தத் திசையில்?

(திண்டிவனத்தில் கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசும் வாய்ப்பு நமக்கு அடிக்கடி அமைவதில்லை. அதனால் இரு தரப்பினரும் வகுப்புக்கு எடுத்துச் செல்லக்கூடிய ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு பாறைச் சுவர் சென்ற ஆண்டு இருந்தபடியே இந்த ஆண்டும் இருக்கிறதா? மாறியிருந்தால் எவ்வளவு மாறியிருக்கிறது? இதை எப்படி அளப்பது? இதுதான் பொருள். கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் அளக்க உட்கார்ந்தால் ஆறாம் வகுப்பு வடிவியலில் தொடங்கி பன்னிரண்டாம் வகுப்பு வெக்டர் வரை எல்லாம் தேவைப்படும்.

இந்தப் பொருளை நம் பகுதியில் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மயிலத்தில் 51 செ.மீ. மழை பதிவானது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து, வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். பள்ளி திறந்த பிறகு வகுப்பில் வந்த முதல் கேள்வி, "சார், நம்ம ஊர் மலையும் இப்படி விழுமா?" என்பதுதான். உங்களில் பலரும் இதே கேள்வியைக் கேட்டிருப்பீர்கள்.

"அதெல்லாம் விழாது, பயப்படாதே" என்று சொல்லிவிடலாம். அது ஆறுதல், பதில் ஆகாது. "யாருக்குத் தெரியும்?" என்றும் சொல்லிவிடலாம். அது குழந்தையின் பயத்தை அப்படியே விட்டுவிடும். ஆசிரியர் சொல்லக்கூடிய பதில் ஒன்று இருக்கிறது: "மலை அசைகிறதா என்று மனிதர்களால் அளக்க முடியும். எப்படி அளக்கிறார்கள் என்று நாம் கற்றுக்கொள்வோம்."

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். திருவண்ணாமலையில் சரிந்தது மழையில் ஊறிய மண்ணும் அதோடு சேர்ந்து உருண்ட பாறைகளும். நான் இன்று பேசப்போவது வெறும் பாறைச் சுவரை அளப்பது பற்றி. இரண்டும் வேறு வேறு நிகழ்வுகள். ஆனால் அளவிடும்போது எழும் அடிப்படைக் கேள்வி இரண்டுக்கும் பொது.

பாறையும் மூச்சு விடும்

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாறை புதிதல்ல. செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் மதிலால் இணைத்துக் கோட்டை கட்டியிருக்கிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராத்திய ராணுவ நிலக்காட்சிகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. அந்த மலைகளில் பாறை எப்படி இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். சில இடங்களில் பெரிய உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். சில இடங்களில் வெங்காயச் சருகு போல மேல் அடுக்கு தனியாகப் பிரிந்து நிற்கும். ஒன்பதாம் வகுப்புப் புவியியலில் 'பாறை உரிதல்' என்று நாம் நடத்துவது இதைத்தான்.

இந்த உரிதலை அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் பிரையன் காலின்ஸ், கிரெக் ஸ்டாக் என்ற இரு ஆய்வாளர்கள் நேரடியாக அளந்து 2016-ல் வெளியிட்டார்கள். சுமார் 19 மீட்டர் உயரமும் 10 செ.மீ. தடிமனும் உள்ள, பாதி பிரிந்து நின்ற ஒரு கருங்கல் பலகையின் பின்னால் கருவிகளைப் பொருத்தினார்கள். வெயில் ஏறும்போது பலகை வெளிப்பக்கம் நகர்ந்தது. குளிர்ந்ததும் திரும்ப உள்ளே வந்தது. ஒரே நாளில் இந்த அசைவு 1 செ.மீ. வரை இருந்தது. இப்படி நாள்தோறும் போய் வருவதால் விரிசலின் நுனி மெல்ல மெல்ல நீள்கிறது. மழையும் நில அதிர்ச்சியும் இல்லாத கோடை நாளிலும் பாறை விழுவதற்கு இது ஒரு காரணம் என்று அவர்கள் காட்டினார்கள். சித்திரை வெயிலில் செஞ்சிப் பாறையில் காலை வைத்தவர்களுக்கு அந்தச் சூட்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாறை அசைவது உண்மைதான். ஆனால் அந்த அசைவு மில்லிமீட்டரிலும் சென்டிமீட்டரிலும் இருக்கிறது. மலையோ நூறு மீட்டர்க் கணக்கில் இருக்கிறது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

மலையைப் புள்ளிகளாக்குதல்

இன்று இதற்கு லேசர் ஸ்கேனரைப் பயன்படுத்துகிறார்கள். மலைக்கு எதிரே பாதுகாப்பான தொலைவில் முக்காலியில் கருவியை நிறுத்துகிறார்கள். அது ஒளித் துடிப்பை அனுப்பும். பாறையில் பட்டுத் திரும்பி வர எடுத்த நேரத்தைக் கணக்கிடும். ஒளியின் வேகத்தை நேரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தொலைவு. 30 மீட்டர் தள்ளியிருக்கும் பாறைக்குப் போய்வர ஒளி எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நொடியின் 50 லட்சத்தில் ஒரு பங்கு. இப்படி லட்சக்கணக்கான துடிப்புகளை வெவ்வேறு திசையில் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கிடைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று ஆயத்தொலைவுகள். டிரோனில் இருந்து பல கோணங்களில் எடுத்த புகைப்படங்களைக் கொண்டும் இதே போன்ற புள்ளிகளைப் பெற முடியும். இந்தப் புள்ளிகளின் கூட்டத்தைப் 'பாயிண்ட் கிளவுட்' என்கிறார்கள். நாம் 'புள்ளித்திரள்' என்று சொல்வோம்.

சென்ற ஆண்டு ஒரு புள்ளித்திரள், இந்த ஆண்டு ஒன்று. இரண்டையும் கழித்தால் மாற்றம் தெரிந்துவிடும் அல்லவா? இங்கேதான் முதல் சிக்கல். சென்ற ஆண்டு லேசர் பட்ட அதே இடத்தில் இந்த ஆண்டும் படுவதில்லை. இந்தத் திரளில் உள்ள ஒரு புள்ளிக்கு அந்தத் திரளில் சரியான ஜோடி கிடையாது. பக்கத்தில் இருக்கும் புள்ளியை ஜோடியாக எடுத்துக்கொண்டால், புள்ளிகளுக்கு இடையே உள்ள இடைவெளியும் நாம் அளக்கும் 'மாற்றத்தில்' கலந்துவிடும். பாறை அசையாமலே அசைந்ததாகக் கணக்கு வரும்.

"சரி, உயரத்தை மட்டும் கழிப்போம்" என்று ஒரு மாணவர் சொல்லலாம். சமவெளிக்கு அது பொருந்தும். ஏரியில் வண்டல் எவ்வளவு படிந்தது என்று பார்க்க மேலிருந்து கீழாக அளந்தால் போதும். பாறைச் சுவருக்கு அது பொருந்தாது. பத்தாம் வகுப்பு முக்கோணவியலைக் கொண்டே இதைக் காட்டிவிடலாம். ஒரு சரிவிலிருந்து 10 செ.மீ. தடிமனுள்ள அடுக்கு உரிந்து விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து செங்குத்தாகக் கீழே அளந்தால் நமக்குக் கிடைப்பது 10-ஐச் சரிவுக் கோணத்தின் கொசைனால் வகுத்த எண். சரிவு 60° என்றால் 20 செ.மீ. சரிவு 80° என்றால் ஏறத்தாழ 58 செ.மீ. சரிவு 90° என்றால் வகுத்தலே இல்லை. உரிந்தது அதே 10 செ.மீ. அடுக்குதான். அளந்த திசை தவறாக இருந்ததால் எண் ஊதிப் பெருத்துவிட்டது.

அப்படியானால் எந்தத் திசையில் அளக்க வேண்டும்? பாறையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தத் திசையில். அந்த இடத்தில் பாறையைத் தொட்டுக்கொண்டிருக்கும் தளத்துக்குச் செங்குத்தான கோட்டின் திசையில். நம் பாடநூல் மொழியில் அதன் பெயர் செங்கோடு. ஒளி எதிரொளிப்புப் பாடத்தில் கண்ணாடிக்கு வரைகிறோமே, அதே கோடுதான். கண்ணாடி தட்டையானது, ஒரு கோடு போதும். பாறை கரடுமுரடானது, இடத்துக்கு இடம் செங்கோடு மாறும். எனவே ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகச் செங்கோட்டைக் கணக்கிட வேண்டும்.

அக்கம்பக்கத்தைக் கேட்டால் திசை தெரியும்

ஒரே ஒரு புள்ளிக்குத் திசை கிடையாது. அதன் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் தளம் உருவாகும். தளம் உருவானால்தான் செங்கோடு பிறக்கும்.

மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானிக்கும். (0, 0, 0), (4, 0, 1), (0, 4, 2) என்று மூன்று புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். முதல் புள்ளியிலிருந்து மற்ற இரண்டுக்கும் போகும் வெக்டர்களின் குறுக்குப் பெருக்கம் (−4, −8, 16). சுருக்கினால் (−1, −2, 4). அதுவே அந்தத் தளத்தின் செங்கோட்டுத் திசை. பன்னிரண்டாம் வகுப்பில் தளத்தின் சமன்பாட்டுக்காக நாம் போடும் கணக்கேதான். "இதை எங்க சார் யூஸ் பண்ணப் போறோம்?" என்று கேட்கும் பிள்ளைக்கு இங்கே ஒரு பதில் கிடைக்கிறது.

ஆனால் உண்மையான அளவீட்டில் மூன்று புள்ளிகளை நம்ப முடியாது. கருவிக்குப் பிழை உண்டு, பாறைக்குச் சொரசொரப்பு உண்டு. இருபது, முப்பது புள்ளிகளை எடுத்தால் அவை எல்லாமே ஒரே தளத்தில் அமையாது. எனவே எல்லாப் புள்ளிகளுக்கும் மிக நெருக்கமாகச் செல்லும் தளத்தைத் தேடுகிறோம். புள்ளிகளிலிருந்து தளத்துக்கு உள்ள செங்குத்துத் தொலைவுகளை வர்க்கப்படுத்திக் கூட்டினால், எந்தத் தளத்துக்குக் கூடுதல் மிகக் குறைவோ அதுதான் நமக்கு வேண்டியது.

இதைக் கணினிக் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. 1901-லேயே கார்ல் பியர்சன் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். ஒட்டுறவுக் கெழு பாடத்தில் வரும் அதே கார்ல் பியர்சன். விரிந்து கிடக்கும் புள்ளிகளுக்கு மிக நெருக்கமான கோட்டையும் தளத்தையும் காண்பது எப்படி என்று அவர் அதில் காட்டினார். 1992-ல் ஹியூஸ் ஹோப்பும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்தக் கருத்தைக் கணினி வரைகலைக்குக் கொண்டுவந்து, சிதறிய புள்ளிகளிலிருந்து மேற்பரப்பை மீட்டெடுத்தார்கள். வழி இதுதான்: அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் சராசரியைக் கண்டுபிடி; சராசரியிலிருந்து புள்ளிகள் எந்தத் திசையில் மிக அதிகமாகப் பரவியிருக்கின்றன, எந்தத் திசையில் மிகக் குறைவாகப் பரவியிருக்கின்றன என்று பார். மிகக் குறைவாகப் பரவிய திசைதான் செங்கோடு. தோசையை நினைத்துக்கொள்ளுங்கள். அகலத்தில் பரவியிருக்கும், தடிமனில் பரவியிருக்காது. தடிமனின் திசை எதுவோ அது தோசையின் செங்கோடு.

எத்தனை பெரிய அக்கம்பக்கம்?

இந்த உரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் இதைச் சொல்வேன். செங்கோடு பாறையில் எழுதிவைத்திருக்கும் எண் அல்ல. நாம் எவ்வளவு பெரிய அக்கம்பக்கத்தைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும்.

அக்கம்பக்கம் மிகச் சிறியது என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிகள். ஒன்றில் 1 செ.மீ. பிழை. தளம் ஏறத்தாழ 5.7° சாய்ந்துவிடும். அதே பிழை 1 மீட்டர் இடைவெளியில் வந்தால் சாய்வு ஏறத்தாழ 0.57° மட்டுமே. ஆகவே சிறிய அக்கம்பக்கத்தில் ஒவ்வொரு சிறு மேடும் பள்ளமும் செங்கோட்டைத் தன் பக்கம் இழுக்கும். செங்கோடுகள் முள்ளம்பன்றி முள் போல நாலா பக்கமும் சிலிர்த்து நிற்கும். திசை 45° தவறினால் 10 செ.மீ. உரிந்த இடம் 14 செ.மீ. என்று காட்டும்.

அப்படியானால் அக்கம்பக்கத்தைப் பெரிதாக வைத்துவிடலாமா? அதிலும் ஆபத்து உண்டு. பாறையின் விளிம்பில், ஒரு சுவர் முடிந்து இன்னொரு சுவர் தொடங்கும் இடத்தில், பெரிய அக்கம்பக்கம் இரண்டு சுவர்களையும் சேர்த்து விழுங்கிவிடும். இரண்டு முகத்துக்கும் சொந்தமில்லாத ஒரு நடுத்திசையைச் செங்கோடு என்று சொல்லும். மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலை மாணவர்களோடு பார்த்திருப்பீர்கள். அந்தத் தூணின் ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் உள்ள விளிம்பில் ஒரு முழத் துணியைப் போர்த்தினால் துணி எந்தப் பக்கம் பார்க்கும்? இரண்டு பக்கத்துக்கும் நடுவே. அதுதான் இங்கே நடப்பது.

பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமித்ரி லாக் தன் சக ஆய்வாளர்களோடு 2013-ல் இதற்கு ஒரு வழியைச் சொன்னார். நியூசிலாந்தின் ரங்கிடிக்கி ஆற்றுப் பள்ளத்தாக்கின் பாறைச் சுவர்களை அளந்து அதைச் சோதித்தார்கள். முதலில் பாறையின் சொரசொரப்பை அளக்க வேண்டும். பொருத்திய தளத்திலிருந்து புள்ளிகள் விலகி நிற்கும் தொலைவுகளின் திட்ட விலக்கம்தான் சொரசொரப்பு. பத்தாம் வகுப்புப் புள்ளியியல் கணக்கு. அக்கம்பக்கத்தின் விட்டம் அந்தச் சொரசொரப்பைப்போல 20 முதல் 25 மடங்கு இருந்தால், திசைப் பிழை கவலைப்படும் அளவுக்கு இருக்காது. சொரசொரப்பு 1 செ.மீ. என்றால் விட்டம் 20 முதல் 25 செ.மீ. வழவழப்பான பாறைக்குச் சிறிய வட்டம், கரடான பாறைக்குப் பெரிய வட்டம். அளவுகோலைப் பாறையே தீர்மானிக்கிறது.

உள்ளா, வெளியா?

இன்னொரு சிக்கல் மீதி இருக்கிறது. (−1, −2, 4) ஒரு தளத்துக்குச் செங்கோடு என்றால், (1, 2, −4)-ம் அதே தளத்துக்குச் செங்கோடுதான். ஒன்று பாறையிலிருந்து வெளியே பார்க்கும், மற்றது பாறைக்குள்ளே பார்க்கும். கணக்குக்கு இரண்டும் ஒன்று. அளப்பவருக்கு அப்படி இல்லை. குறி மாறினால் உரிந்து விழுந்த இடம் புதிதாகப் பாறை வளர்ந்த இடமாகக் காட்டும். வெளியே பிதுங்கி வரும் ஆபத்தான பகுதி உள்ளே அமுங்கியதாகக் காட்டும். பாறையின் கீழே வீடு வைத்திருப்பவருக்கு இந்த ஒரு கழித்தல் குறி எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

தீர்வு எளிது. ஸ்கேனர் நின்ற இடம் நமக்குத் தெரியும். அது பாறைக்கு வெளியே நின்றது என்பதும் உறுதி. புள்ளியிலிருந்து ஸ்கேனருக்குப் போகும் வெக்டரையும் செங்கோட்டையும் புள்ளிப் பெருக்கம் செய்தால், விடை மிகை எண்ணாக இருக்க வேண்டும். குறை எண்ணாக வந்தால் செங்கோட்டைத் திருப்பிப் போட்டுவிடலாம். 'விடையில் குறியைக் கவனி' என்று நாம் சிவப்பு மையில் ஆயிரம் முறை எழுதியிருப்போம். அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

எதை மாற்றம் என்று சொல்லலாம்?

திசை கிடைத்தபின் அளப்பது எளிது. செங்கோட்டை அச்சாகக் கொண்டு ஒரு மெல்லிய உருளையைக் கற்பனை செய்கிறோம். அந்த உருளைக்குள் அகப்படும் சென்ற ஆண்டுப் புள்ளிகளின் சராசரி இடம் ஒன்று. இந்த ஆண்டுப் புள்ளிகளின் சராசரி இடம் ஒன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவுதான் மாற்றம். லாக் குழுவினரின் இந்த முறைக்கு எம்3சி2 என்று பெயர். புள்ளிக்குப் புள்ளி ஜோடி தேட வேண்டிய தேவை போய்விட்டது.

ஆனாலும் கிடைத்த எண்ணை உடனே நம்பக் கூடாது. இரண்டு ஆண்டும் தலா 25 புள்ளிகள், ஒவ்வொன்றிலும் திட்ட விலக்கம் 1 செ.மீ. என்று கொள்வோம். 1/25 + 1/25-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.28. அதோடு இரண்டு திரளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும்போது வரும் பிழையைச் சேர்க்க வேண்டும். அது 0.3 செ.மீ. என்று வைத்தால் கூடுதல் 0.58. இதை 1.96-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1.14 செ.மீ. இந்த எல்லைக்குக் கீழே வரும் எந்த எண்ணையும் 95 சதவீத நம்பிக்கையோடு மாற்றம் என்று சொல்ல முடியாது. 0.8 செ.மீ. வந்தால் 'மாற்றம் தென்படவில்லை' என்று எழுத வேண்டும். 3 செ.மீ. வந்தால் 'மாறியிருக்கிறது' என்று எழுதலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பொருத்தும் பிழையைச் சேர்க்காமல் விட்டிருந்தால் எல்லை 0.55 செ.மீ. ஆகியிருக்கும். அதே 0.8 செ.மீ. அப்போது 'மாற்றம்' ஆகியிருக்கும். ஒரு பிழையைக் கணக்கில் சேர்க்க மறந்தால், அசையாத மலைக்கு ஊரைக் காலி செய்யச் சொல்லும் நிலை வரும். பிழையை வேண்டுமென்றே பெரிதாக வைத்தால், அசைகிற மலையின் கீழே ஊரைத் தூங்கவிடும் நிலை வரும். இரண்டும் தவறு. யோசெமிட்டி பலகையை மறந்துவிடாதீர்கள். ஒரு முறை காலையிலும் மறுமுறை நடுப்பகலிலும் அளந்தால் வெயிலின் அசைவே மாற்றமாகத் தெரியும். அதனால் ஒரே பருவத்தில், ஒரே நேரத்தில் அளப்பது நல்லது.

நம் வேலைக்கும் இது தூரமானதல்ல. காலாண்டில் 62 எடுத்த பிள்ளை அரையாண்டில் 65 எடுத்தால் 'முன்னேற்றம்' என்று எழுதுகிறோம். 59 எடுத்தால் பெற்றோரை அழைக்கிறோம். அந்த மூன்று மதிப்பெண் பிள்ளையின் மாற்றமா, வினாத்தாளின் சொரசொரப்பா? எல்லை எது என்று தெரியாமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

அளந்தால் என்ன பயன் என்பதற்கு ஒரு சான்று. சுவிட்சர்லாந்தில் பிரியென்ஸ் என்ற சிற்றூருக்கு மேலே உள்ள மலை நகர்வதைக் கருவிகளால் தொடர்ந்து அளந்து வந்தார்கள். வேகம் கூடியதும் 2023 மே மாதத்தில் ஊர் மக்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஜூன் 15 இரவு பாறைக்கூட்டம் சரிந்து ஊருக்கு மிக அருகில் வந்து நின்றது. ஒருவருக்கும் காயமில்லை.

வகுப்பறைக்கு

தொடக்க வகுப்புகளுக்கு மூன்று சதுர அட்டைகள் போதும். 2 செ.மீ., 5 செ.மீ., 15 செ.மீ. பக்க அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஈர்க்குச்சியை நேராக நிறுத்தி ஒட்டுங்கள். பள்ளி வளாகத்தில் கிடக்கும் ஒரு கரடான கல்லின் ஒரே இடத்தில் மூன்றையும் ஒவ்வொன்றாக வையுங்கள். குச்சி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பிள்ளைகள் சொல்லட்டும். சின்ன அட்டையைச் சற்றே நகர்த்தினாலும் குச்சி துள்ளும்; பெரிய அட்டை அசையாது. நான் அரை மணி நேரம் விளக்கியதை மூன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று நிமிடத்தில் கண்ணால் பார்த்துவிடும்.

நடுநிலை வகுப்புகளுக்கு ஒரு களிமண் மேடு. அதன் எதிரே, வரிசையாகத் துளையிட்ட ஓர் அட்டையை நிறுத்தி, துளைகள் வழியே ஈர்க்குச்சியை மண்ணைத் தொடும்வரை தள்ளி, உள்ளே போன நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். முதலில் மண்ணைத் தொடாமலே இரண்டு குழுக்கள் தனித்தனியாக அளக்கட்டும். இரண்டு குழுவின் எண்களும் ஒன்றாக இருக்காது. அந்த வேறுபாடுதான் நம் அளவீட்டின் எல்லை. அதன் பிறகு யாரும் பார்க்காதபோது ஓரிடத்தில் கொஞ்சம் மண்ணைக் கிள்ளி எடுங்கள். எங்கே கிள்ளியது என்று எண்களை வைத்துக் கண்டுபிடிக்கட்டும்.

பத்தாம் வகுப்புக்குக் கொசைன் அட்டவணையும் திட்ட விலக்கமும் இருக்கின்றன. மேல்நிலை வகுப்புக்குக் குறுக்குப் பெருக்கமும் புள்ளிப் பெருக்கமும் இருக்கின்றன. உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் கிளவுட்கம்பேர் என்ற மென்பொருளைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். செங்கோடு காண்பதும் எம்3சி2 முறையும் அதிலேயே இருக்கின்றன. அக்கம்பக்கத்தின் அளவை மாற்றி மாற்றி வைத்து விடை எப்படி மாறுகிறது என்று மாணவர்களே பார்க்கட்டும்.

ஒரு வேண்டுகோள். இந்தச் செயல்பாடுகளைப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பாறைச் சுவருக்கு அடியிலோ கல்குவாரி விளிம்பிலோ பிள்ளைகளை நிறுத்த வேண்டாம். மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள். புதிய விரிசல், புதிதாக விழுந்து கிடக்கும் கற்கள், நேராக நின்ற மரம் சாய்வது, ஊற்றுநீர் திடீரெனக் கலங்குவது ஆகியவற்றைப் பார்த்தால் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். பெரியவர்கள் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐ அழைக்கலாம். கருவி வந்து அளப்பதற்கு முன்னால் அங்கே இருப்பது அந்த ஊர்ப் பிள்ளைகளின் கண்கள்தான்.

"நம்ம ஊர் மலையும் விழுமா?" என்ற கேள்விக்கு இனி நாம் இப்படிச் சொல்லலாம்: "மலை தினமும் கொஞ்சம் அசைகிறது. எந்தத் திசையில் அளக்க வேண்டும், எவ்வளவு அசைந்தால் கவலைப்பட வேண்டும் என்று கணக்குப் போட முடியும். அந்தக் கணக்கில் பாதி உன் புத்தகத்திலேயே இருக்கிறது. மீதியை நீ படித்து வந்து எங்களுக்குச் சொல்."

அட்டையும் ஈர்க்குச்சியும் மேசையில் இருக்கின்றன. போகும்போது ஒரு முறை கல்லில் வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.